துணியைத் திருப்பிப் போட்டால் தெரியும்: இக்கத், டமாஸ்க், சீட்டி பற்றி ஓர் எளிய விளக்கம்

சில வருடங்களுக்கு முன் ஜன்னலுக்கு ஒரு துணி எடுத்தேன். கரும்பச்சைத் தளத்தில் மாதுளைச் சிவப்பு வைர வடிவங்கள், ஓரமெல்லாம் ஈரத்தில் பட்ட மை போலக் கலங்கியிருந்தன. சீட்டில் ‘இக்கத்’ என்று போட்டிருந்தது. பட்டுப்பாதை, ஒட்டகக் கூட்டம் என்று இரண்டு வரி வர்ணனையும் இருந்தது. விலை கொஞ்சம் அதிகம்தான். இக்கத் என்றால் சும்மாவா என்று வாங்கிவிட்டேன். வீட்டில் ஓரம் மடித்துத் தைக்கத் திருப்பிப் போட்டால், பின்பக்கம் வெளுத்துக் கிடந்தது. முன்பக்கத்துச் சிவப்பு அங்கங்கே ஊறித் திட்டுத் திட்டாகத் தெரிந்ததே தவிர, வடிவம் என்று ஒன்றும் இல்லை.

விற்றவரிடம் போய்க் கேட்டேன். “இக்கத் டிசைன்தானேங்க இது, வேற என்ன?” என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவரைப் பொறுத்தவரை இக்கத் என்பது ஒரு படத்தின் பெயர். நெய்கிறவர்களுக்கு அது ஒரு வேலையின் பெயர். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் வாங்குகிறவர் ஏமாறுகிறார், பல நேரம் யாரும் ஏமாற்றாமலேயே.

தூரதேசங்களின் பெயரைத் தாங்கி வரும் விலையுயர்ந்த சோபாத் துணி, திரைச்சீலை, குஷன் உறை எல்லாவற்றிலும் இந்தக் குழப்பம் உண்டு. இக்கத், டமாஸ்க், சின்ட்ஸ், சூசானி, பெய்ஸ்லி, துவால் என்று பெயர்கள் சரளமாகப் புழங்குகின்றன. எது வடிவத்தின் பெயர், எது செய்முறையின் பெயர், எது வெறும் ஊர்ப்பெயர் என்று யாரும் பிரித்துச் சொல்வதில்லை. நெசவு பற்றி ஒன்றுமே தெரியாதவருக்கும் புரியும்படி அதைப் பிரித்துப் பார்க்கலாம்.

## பாயும் ஸ்டிக்கரும்

ஒரு கோரைப்பாயை நினைத்துக்கொள்ளுங்கள். சிவப்புச் சாயம் ஏற்றிய கோரையையும் ஏற்றாத கோரையையும் மாற்றி மாற்றிப் பின்னியதால் அதில் கோடு விழுகிறது. அந்தக் கோட்டை மட்டும் தனியாக எடுக்க முடியாது. எடுத்தால் பாயே பிரிந்துவிடும். இன்னொரு பாய் முழுக்க ஒரே நிறம். அதன் மேல் சிவப்புக் கோடு போட்ட ஸ்டிக்கரை ஒட்டியிருக்கிறது. எட்ட நின்று பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். பத்து வருடம் மிதிபட்ட பிறகு பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

துணிக்குள் வடிவம் நுழைய நான்கு வாசல்கள் இருக்கின்றன. தறிக்குப் போகும் முன்பே நூலில் நிறத்தை மாற்றி வைக்கலாம். நெய்யும்போது நூல்கள் ஒன்றையொன்று தாண்டும் விதத்தால் வடிவத்தை எழுப்பலாம். நெய்து முடித்த துணியின் மேல் வரையலாம், அச்சிடலாம். கடைசியாக, ஊசியும் நூலும் கொண்டு மேலே தைக்கலாம். இக்கத் முதல் வாசல் வழியே வருகிறது, டமாஸ்க் இரண்டாவது, சின்ட்ஸ் மூன்றாவது, சூசானி நான்காவது. டிஜிட்டல் பிரிண்ட் மூன்றாவது வாசல் வழியே வந்து மற்ற மூவரின் முகத்தையும் போட்டுக்கொள்ளும். குழப்பத்தின் வேர் அதுதான்.

இனி இரண்டே சொற்கள் தெரிந்தால் போதும். தறியில் நீளவாட்டில் இழுத்துக் கட்டிய நூல் பாவு. அதற்குக் குறுக்கே போய் வரும் நூல் ஊடை.

## இக்கத்: நூலில் கட்டிய வடிவம்

இக்கத் என்ற சொல் மலாய், இந்தோனேசிய மொழிகளிலிருந்து வந்தது. ‘மெங்கிக்கத்’ என்றால் கட்டுதல். எதைக் கட்டுகிறார்கள்? நூலை. பாவு நூல்களை நெய்யும் முன்பே நீட்டி வைத்து, சாயம் ஏறக்கூடாத இடங்களை இறுகச் சுற்றிக் கட்டிவிடுவார்கள். பிறகு மொத்தமாகச் சாயத்தில் முக்குவார்கள். கட்டுக்குள் இருக்கும் பகுதி சாயத்துக்குத் தப்பிவிடும். காய்ந்ததும் சில கட்டுகளை அவிழ்த்து, வேறு இடங்களைக் கட்டி, அடுத்த நிறம். நான்கைந்து நிறம் வேண்டுமென்றால் இது திரும்பத் திரும்ப நடக்கும். ஒரு பகுதியை மறைத்து மீதியில் மட்டும் நிறம் ஏற்றும் இந்த உத்திக்குப் பொதுப்பெயர் தடுப்புச் சாயம்.

அந்தக் கலங்கல் எங்கிருந்து வருகிறது? பள்ளிக்கூடத்தில் தடிமனான நோட்டின் பக்கவாட்டில், தாள்களின் ஓரங்கள் மேல், பேனாவால் பெயர் எழுதியிருப்போம். ஒரு தாளில் விழுவது வெறும் புள்ளி. நூறு தாள் சேர்ந்து நிற்கும்போதுதான் பெயர் படிக்கக் கிடைக்கும். நோட்டைக் கொஞ்சம் வளைத்தால் தாள்கள் ஒன்றுக்கொன்று நழுவி எழுத்தின் விளிம்பு சிதறும். இக்கத்திலும் அதேதான். ஒவ்வொரு பாவு நூலிலும் இருப்பது நிறத் துண்டுகள் மட்டும். நூற்றுக்கணக்கான நூல்கள் அருகருகே வந்து நிற்கும்போது வைரமோ மாதுளையோ உருவாகிறது. தறியில் ஏற்றும்போது நூல்கள் மயிரிழை அளவு முன்பின் நகரும். கட்டின் ஓரத்தில் சாயமும் கொஞ்சம் உள்ளே கசிந்திருக்கும். கோடு கோடாக, மூச்சு விடுவது போலத் தெரியும் அந்த விளிம்பு இப்படித்தான் பிறக்கிறது.

மத்திய ஆசியாவில், இன்றைய உஸ்பெகிஸ்தானின் புகாராவிலும் பெர்கானாப் பள்ளத்தாக்கின் மர்கிலானிலும், இந்த வேலைக்கு ‘அப்ர்பந்தி’ என்று பெயர். பாரசீகத்தில் ‘அப்ர்’ என்றால் மேகம், மேகத்தைக் கட்டுதல். இதைவிடப் பொருத்தமான பெயரை நான் எந்தத் தொழிலிலும் கேட்டதில்லை. 19ஆம் நூற்றாண்டில் அங்கே இது உச்சத்தில் இருந்தது. வடிவத்தைக் குறித்துக் கொடுப்பவர் ஒருவர், கட்டுபவர் ஒருவர், சிவப்பும் மஞ்சளும் ஏற்றுபவர் ஒருவர் என்று வேலை கைமாறிப் போகும். அவுரி நீலம் பெரும்பாலும் யூதச் சாயக்காரர்களின் பட்டறைகளில் நடந்தது. பட்டுப் பாவும் பருத்தி ஊடையுமாக நெய்த துணிக்கு ‘அத்ராஸ்’ என்று பெயர். கைத்தறியில் வரும் அத்ராஸ் பெரும்பாலும் அரை மீட்டர் அகலம்கூட வராது.

பாவை மட்டும் கட்டினால் ஒற்றை இக்கத். பாவு, ஊடை இரண்டையும் தனித்தனியே கட்டிச் சாயமேற்றி, நெய்யும்போது ஒரு புள்ளி இன்னொரு புள்ளியின் மேல் சரியாக வந்து உட்காரும்படி செய்தால் இரட்டை இக்கத். குஜராத்தின் பாட்டனில் நெய்யும் பட்டோலாவும் பாலித் தீவின் தெங்கானன் கிராமத்தில் நெய்யும் கெரிங்சிங்கும் அந்த வகை. ஒரு பட்டோலாப் புடவைக்குப் பல மாதம் பிடிக்கும். நெய்பவர் ஊடையை ஓட்டிவிட்டு, ஊசி போன்ற ஒரு கருவியால் நூல்களை நெருடி நெருடிச் சரி செய்துகொண்டே போவார்.

பிரிண்ட் இக்கத்தில் அந்தக் கலங்கலைக் கணினியில் வரைகிறார்கள். செய்முறை தன்னையறியாமல் விட்டுப்போன தடம், இங்கே ஒரு வரைபடமாகிவிடுகிறது. கூர்ந்து பார்த்தால் தெரியும்: நிஜ இக்கத்தில் ஒவ்வொரு வைரத்தின் விளிம்பும் ஒவ்வொரு விதம். பிரிண்ட்டில் ஒரு கலங்கல் 64 செ.மீ. தள்ளி அச்சு அசலாக மறுபடி வரும்.

## டமாஸ்க்: ஒரே நிறத்தில் ஒரு பூ

வெள்ளை மேசை விரிப்பில் வெள்ளைப் பூ. சாய்ந்து பார்த்தால் தெரியும், நேராகப் பார்த்தால் மறையும். இரண்டாவது நிறமே இல்லாமல் எப்படி?

ஒரே பச்சைப் புல்தரையில் அறுப்பு இயந்திரத்தை ஒரு வரிசை மேலே, ஒரு வரிசை கீழே என்று ஓட்டினால் வெளிர்பச்சையும் கரும்பச்சையுமாகப் பட்டைகள் தெரியும். புல் ஒன்றுதான், படிந்த திசை வேறு, ஒளி திரும்பும் விதம் வேறு. டமாஸ்க்கும் அப்படியே. நூல் ஒன்று நான்கு நூலைத் தாண்டி ஒன்றின் கீழ் மட்டும் அமிழ்ந்தால் மேற்பரப்பு வழவழவென்று மின்னும். இந்த நெசவுதான் சாட்டின். பூவுக்குள் பாவு நூல் மேலே மிதக்கும். பூவைச் சுற்றிய தளத்தில் ஊடை நூல் மேலே மிதக்கும். ஒன்றில் ஒளி நீளவாட்டில் ஓடுகிறது, இன்னொன்றில் குறுக்கே. அதனால் பூ தெரிகிறது. திருப்பிப் போட்டால் மின்னலும் மங்கலும் இடம் மாறி, நெகட்டிவ் போல அதே பூ இருக்கும்.

பெயர் டமாஸ்கஸ் நகரத்திலிருந்து வந்தது. ஆனால் இந்த நெசவு அந்த ஊரில்தான் பிறந்தது என்று இதற்குப் பொருள் இல்லை. சீனத்தில் இதற்கு முன்பே இத்தகைய பட்டு இருந்தது. ஐரோப்பிய வணிகர்கள் டமாஸ்கஸில் கண்டு வாங்கிப் போனதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பிறகு லூக்கா, வெனிஸ், ஜெனோவா போன்ற இத்தாலிய நகரங்கள் அதை நெய்து தள்ளின.

எந்த நூல் எப்போது மேலே வர வேண்டும் என்பதைத் தறிக்குச் சொல்வதுதான் கடினம். முன்பெல்லாம் ஓர் உதவியாள் கயிறுகளை இழுத்து நூல்களைத் தூக்கிக் கொடுப்பார். 1804 வாக்கில் பிரான்சின் லியோன் நகரில் ஜோசப் மரி ஜக்கார்டு ஓட்டை போட்ட அட்டைகளை வைத்து அந்த வேலையைத் தறியின் கையிலேயே கொடுத்தார். அட்டையில் ஓட்டை இருக்கும் இடத்தில் ஊசி உள்ளே போகும், அதற்குரிய நூல் மேலே எழும்பும். இன்று அட்டைக்குப் பதில் கணினி. தறிக்கு மட்டும் இன்னும் ஜக்கார்டு என்றே பெயர்.

இதுவரை பார்த்ததைக் கையில் பிடித்துக்கொள்வோம். இக்கத்தில் நிறம் நூலிலேயே மாறுகிறது. டமாஸ்க்கில் நூலின் நிறம் மாறுவதில்லை, நூல் மேலே வருவதும் கீழே போவதும்தான் வடிவம். இரண்டிலும் வடிவத்தைத் துணியிலிருந்து பிரிக்க முடியாது. பாய் ஞாபகம் இருக்கட்டும்.

## சீட்டி: கடல் தாண்டிய பூங்கொடி

சின்ட்ஸ் என்று ஆங்கிலேயர் சொல்லும் துணியின் பெயர் ‘சீண்ட்’ என்ற வட இந்தியச் சொல்லிலிருந்து போனது; புள்ளி தெளித்தது என்று பொருள். தமிழில் பழைய தலைமுறை ‘சீட்டித் துணி’ என்று சொல்வதும் இதே சொல்லின் உறவுதான். சீட்டி என்றதும் நமக்கு மலிவான பூப்போட்ட பருத்தி நினைவுக்கு வருகிறது. அதே சொல் 17ஆம் நூற்றாண்டு லண்டனில் பணக்காரர் வீட்டுச் சுவரை அலங்கரித்தது. 1663இல் சாமுவேல் பீப்ஸ் என்ற கடற்படை அதிகாரி மனைவியின் புதுப் படிப்பறைக்கு உள்மறைப்பாகப் போட ஒரு சின்ட்ஸ் வாங்கியது பதிவாகியிருக்கிறது.

அது சோழமண்டலக் கரையின் துணி. மசூலிப்பட்டினம், பழவேற்காடு, நாகப்பட்டினம் வழியாகக் கப்பலேறியது. ஐரோப்பா அதில் மயங்கியது பூவை மட்டும் பார்த்து அல்ல. துவைத்தும் நிறம் போகவில்லை. அப்போது ஐரோப்பியர் துணியில் தீட்டிய வண்ணம் தண்ணீர் பட்டால் ஓடும். இங்கே எப்படி நின்றது?

இதுதான் இந்தக் கட்டுரையில் எனக்கு மிகப் பிடித்த பகுதி; கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். பருத்தி நார் பெரும்பாலான தாவரச் சாயங்களைத் தானாகப் பிடித்துக்கொள்ளாது. நடுவில் ஒரு தரகர் வேண்டும். ஒரு கையால் நாரையும் மறுகையால் சாயத்தையும் பிடித்துக்கொள்ளும் உலோக உப்பு அது. இதற்குப் பெயர் நிறமூன்றி. படிகாரம் ஒரு நிறமூன்றி, இரும்புக் கரைசல் இன்னொன்று.

முதலில் துணியைக் கடுக்காய்ச் சாற்றிலும் எருமைப் பாலிலும் ஊறவைத்து உலர்த்துவார்கள். பாலின் கொழுப்பு இருப்பதால் தீட்டும் கரைசல் பரவி வழியாது. பிறகு மூங்கில் எழுதுகோலை இரும்புக் கரைசலில் தொட்டு எல்லைக் கோடுகளை வரைவார்கள். கடுக்காயோடு சேர்ந்து அது கறுப்பாகும். சிவப்பு வர வேண்டிய இதழ்களில் படிகாரக் கரைசலைத் தீட்டுவார்கள். இந்தக் கட்டத்தில் துணியில் சிவப்பே இருக்காது. அப்புறம் முழுத் துணியையும் சாயவேர் போட்டுக் கொதிக்கும் தண்ணீரில் இறக்குவார்கள். படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவப்பைப் பிடித்துக்கொள்ளும். மற்ற இடத்தில் ஒட்டிய சாயம் அலசி வெயிலில் வெளுக்கப் போய்விடும். ஓவியர் தீட்டியது நிறத்தை அல்ல, நிறம் வந்து உட்காரப் போகும் இடத்தை.

நீலத்துக்கு வழி தலைகீழ். அவுரிக்கு நிறமூன்றி தேவையில்லை, தொட்ட இடமெல்லாம் பிடிக்கும். அதனால் நீலம் வேண்டாத இடம் முழுவதையும் மெழுகால் மூடி, அவுரித் தொட்டியில் அமிழ்த்தி, வெந்நீரில் மெழுகை எடுப்பார்கள். கடைசியில் மஞ்சள், கையால் தீட்டியது. நீலத்தின் மேல் மஞ்சள் விழுந்தால் பச்சை இலை. இந்த மஞ்சள் மட்டும் வெயிலுக்கு நிற்காது. அருங்காட்சியகங்களில் இருக்கும் பழைய சோழமண்டலப் படுக்கை விரிப்புகளில் இலைகள் நீலமாக இருப்பது இதனால்தான். பச்சையாகத்தான் புறப்பட்டன, மஞ்சள் வழியில் உதிர்ந்துவிட்டது. இன்று சில நிறுவனங்கள் பழைய சின்ட்ஸைப் பார்த்து வடிவம் எடுக்கும்போது அந்த நீல இலையையே வரைகின்றன, அதுவே மரபு என்று நம்பி.

இன்னொரு செய்தியும் உண்டு. ‘கீழை நாட்டுக் கற்பனை’ என்று சொல்லி விற்ற வடிவங்களில் பல, வாங்குகிறவர் கேட்டபடி செய்தவை. 1643இலேயே கிழக்கிந்தியக் கம்பெனி இயக்குநர்கள் எழுதினார்கள்: சிவப்புத் தளம் சோர்வாக இருக்கிறது, இனி வெள்ளைத் தளம் அதிகமாகவும் பூவும் கிளையும் நிறத்திலுமாக அனுப்புங்கள். பிறகு மாதிரிப் படங்களும் கப்பலில் வந்தன. பாறையிலிருந்து வளைந்தெழுந்து, ஒரே மரத்தில் பத்து வகைப் பூவைத் தாங்கும் ‘வாழ்வின் மரம்’ படுக்கை விரிப்பு இந்தியக் கை, சீனச் சாயல், பாரசீக நினைவு, லண்டன் ஆர்டர் எல்லாம் கலந்த ஒன்று. ஒரே ஒரு நாட்டின் ஆதி வடிவம் என்று அதைச் சொல்ல முடியாது. சோழமண்டலம் தன் பங்கு என்று சொல்லிக்கொள்ளக்கூடியது வேறொன்று: கொதிக்கும் சாயத்தில் இறக்கினாலும் கோடு கலையாத அந்த வேதியியல்.

அந்த வேதியியலைக் கண்டுதான் ஐரோப்பிய நெசவாளர் அஞ்சினார்கள். பிரான்ஸ் 1686இல் தடை விதித்தது, 1759இல்தான் நீக்கியது. இங்கிலாந்தில் 1700, 1721 சட்டங்கள் வந்தன. 1719இல் லண்டன் நெசவாளர்கள் தெருவில் பூப்பருத்தி அணிந்த பெண்களின் உடையைக் கிழித்தார்கள். இதற்கிடையில் கேர்து என்ற பிரெஞ்சுப் பாதிரியார் 1742இல் இங்கிருந்து சாய முறையைப் படிப்படியாக எழுதி அனுப்பினார். தடை நீங்கிய மறு வருடம், 1760இல், ஓபர்காம்ப் என்பவர் வெர்சாய் அருகே ழூயி என்ற ஊரில் அச்சுத் தொழிற்சாலை தொடங்கினார். 1770 முதல் செம்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டார். இடையர், ஆடு, இடிந்த கோயில் என்று ஒரே நிறத்தில் மெல்லிய கோட்டோவியம். ‘துவால் த ழூயி’ என்பது அதுதான். துவால் என்றால் பிரெஞ்சில் வெறுமனே துணி. பிரெஞ்சு நாட்டுப்புறத்தின் அடையாளமாக இன்று விற்கும் அந்தத் துணி, சோழமண்டலத்தைப் பிடிக்க முயன்ற தொழிலிலிருந்து வளர்ந்தது.

## பெயர் மாறிப்போன இரண்டு

பெய்ஸ்லி ஸ்காட்லாந்தில் ஓர் ஊர். நாம் மாங்காய் என்று சொல்லும் அந்த வளைந்த துளி வடிவம் காஷ்மீர்ச் சால்வையிலிருந்து அங்கே போய், 19ஆம் நூற்றாண்டில் அந்த ஊர்த் தறிகளில் ஏராளமாக நெய்யப்பட்டதால் ஊர்ப்பெயரே வடிவத்தின் பெயராகிவிட்டது. பெய்ஸ்லி என்றால் வடிவம் மட்டுமே; எப்படிச் செய்தது என்பதற்கு அந்தச் சொல்லில் எந்த உறுதியும் இல்லை.

‘ஆப்பிரிக்கத் துணி’ என்று குஷனில் வரும் பளிச்சென்ற மெழுகுப் பிரிண்ட் அதைவிட நீண்ட பயணம் போனது. மெழுகால் மறைத்துச் சாயமேற்றும் ஜாவாவின் கைவேலையான ‘பாத்திக்’ துணியை இயந்திரத்தில் போலி செய்ய டச்சுக்காரர்கள் 19ஆம் நூற்றாண்டில் முயன்றார்கள். மெழுகுக்குப் பதிலாகப் போட்ட பிசின் வெடித்து, துணி முழுக்க நரம்பு போல கோடுகள் விழுந்தன. ஜாவாவில் அதற்கு வரவேற்பில்லை. மேற்கு ஆப்பிரிக்கா அந்த வெடிப்பையே விரும்பி ஏற்று, தன் நிறங்களையும் பழமொழிகளையும் அதில் ஏற்றித் தனதாக்கிக்கொண்டது.

## சூசானி: சேராத வட்டங்கள்

பாரசீகத்தில் ‘சூசன்’ என்றால் ஊசி. உஸ்பெகிஸ்தானின் புகாரா, சமர்கந்து, நுராத்தா, ஷஹ்ரிசப்ஸ் பகுதிகளில் மணப்பெண்ணின் சீருக்காகத் தைத்த பெரிய பூத்தையல் விரிப்பு இது. முதல்முறை ஒரு பழைய சூசானியை அருகில் பார்த்தபோது அதில் குறை இருக்கிறது என்றே நினைத்தேன். நடுவில் இருந்த பெரிய சிவப்பு வட்டம் ஒரு செங்குத்துக் கோட்டில் வெட்டி ஒட்டியது போல அரை விரற்கடை விலகியிருந்தது. ஒரு பாதி ரத்தச் சிவப்பு, மறு பாதி கொஞ்சம் பழுப்பேறிய சிவப்பு. தையலின் அடர்த்திகூட வேறு.

காரணம் இதுதான். குறுகலான துணிப் பட்டைகளைத் தற்காலிகமாக ஓட்டுத் தையல் போட்டு இணைப்பார்கள். வரைவதில் கைதேர்ந்த ஒருவர் முழு வடிவத்தையும் அதன் மேல் வரைந்து கொடுப்பார். பிறகு பட்டைகளைப் பிரித்து வீட்டுப் பெண்களுக்கு ஆளுக்கொன்றாகக் கொடுப்பார்கள். ஒருத்தி இறுக்கித் தைப்பாள், இன்னொருத்தி தளர்த்தி. ஒருவர் வாங்கிய நூல் ஒரு சாயம், மற்றவருடையது வேறு. எல்லாம் முடிந்து மறுபடி சேர்க்கும்போது வட்டம் சரியாகப் பொருந்தாது. நான் குறை என்று நினைத்தது அந்த வீட்டில் எத்தனை கைகள் இருந்தன என்பதன் அடையாளம்.

சுருக்கமாக ஒரு முறை: சின்ட்ஸ் துணியின் மேல் வேதியியலால் எழுதியது, சூசானி துணியின் மேல் ஊசியால் எழுதியது. பெய்ஸ்லி வெறும் வடிவம். டமாஸ்க் ஊர்ப்பெயர் தாங்கிய நெசவு. இக்கத் செய்முறையின் பெயர், இப்போது வடிவத்தின் பெயராகவும் ஆகிவிட்டது.

## ஒரு நூலை உருவிப் பாருங்கள்

மாதிரித் துண்டு கேட்டால் நல்ல கடைகளில் கொடுப்பார்கள். அதன் வெட்டிய ஓரத்திலிருந்து பாவு நூல் ஒன்றை ஊசியால் நெம்பி உருவி, வெள்ளைத் தாளின் மேல் வையுங்கள்.

நூல் முழுக்க ஒரே நிறமாக இருந்து, துணியில் மட்டும் வடிவம் இருந்தால் அது ஜக்கார்டு நெசவு. நூல் கொஞ்ச தூரம் சிவப்பு, கொஞ்ச தூரம் வெள்ளை, பிறகு பச்சை என்று நீளத் துண்டுகளாக மாறி, ஒவ்வொரு துண்டிலும் நிறம் சுற்றிலும் உள்ளேயும் ஊறியிருந்தால் இக்கத். நூலில் நிறம் பொட்டுப் பொட்டாக, மேலே வந்த இடத்தில் மட்டும் ஏறி, அமிழ்ந்த இடத்தில் வெளுத்திருந்தால் பிரிண்ட். நூலைத் திருகிப் பார்த்தால் ஒரு பக்கம் நிறம், மறுபக்கம் வெள்ளை. என் ஜன்னல் துணியின் நூல் இந்த மூன்றாவது ரகம்.

ஒரே ஒரு எச்சரிக்கை. பாவு நூலை விரித்து வைத்து அதன் மேல் அச்சிட்டு, அப்புறம் நெய்யும் முறையும் உண்டு. அதிலும் விளிம்பு கலங்கும், நூலும் துண்டு துண்டாக நிறம் மாறும். கட்டிச் சாயமேற்றியதா, அச்சிட்டு நெய்ததா என்பதை நூலை வைத்து மட்டும் முடிவு செய்ய முடியாது; விற்பவரிடம் கேட்டே ஆக வேண்டும்.

## விலை எங்கே ஏறுகிறது

கைவேலைக்குக் காலம் பிடிக்கும், காலத்துக்குக் காசு. அது எல்லோருக்கும் தெரிந்ததே. வாங்கும்போது கவனிக்காமல் விடும் கணக்கு இன்னொன்று உண்டு, அது ரிப்பீட். ஒரு வடிவம் எவ்வளவு நீளத்துக்குப் பிறகு மறுபடி தொடங்குகிறதோ அந்த அளவுக்கு ரிப்பீட் என்று பெயர். ஒரு திரைச்சீலைக்கு 230 செ.மீ. துணி வேண்டும், ரிப்பீட் 64 செ.மீ. என்று வையுங்கள். மூன்று ரிப்பீட் 192 செ.மீ., போதாது. நான்கு எடுத்தால் 256 செ.மீ. பக்கத்துத் திரையில் பூ அதே உயரத்தில் வர வேண்டுமானால் ஒவ்வொரு துண்டையும் 256 செ.மீ. கணக்கில்தான் வெட்ட வேண்டும். நான்கு துண்டுக்கு ஒரு மீட்டருக்கு மேல் வீண். பெரிய வடிவம் உள்ள ஆடம்பரத் துணி, சீட்டில் போட்ட விலையைவிடக் கூடுதலாகச் செலவு வைப்பது இப்படித்தான்.

சோபாவுக்கு எடுப்பவர்கள் மார்ட்டின்டேல் எண்ணைக் கேட்க வேண்டும். துணியைக் கம்பளித் துணியோடு உரசிக்கொண்டே இருக்கும் இயந்திரச் சோதனை அது. நூல் அறுவதற்குள் எத்தனை உரசல் தாங்கியது என்பதே எண். தினமும் உட்காரும் சோபாவுக்கு 20,000க்கு மேல் இருந்தால் நல்லது; விடுதி, அலுவலகம் என்றால் 30,000க்கு மேல் பார்ப்பார்கள். நூல் நீளமாக மிதக்கும் சாட்டின் டமாஸ்க்கும் மெல்லிய கைத்தறிப் பட்டு இக்கத்தும் இந்த எண்ணில் பெரும்பாலும் கீழேதான் இருக்கும். அவற்றைக் குஷனுக்கும் சுவருக்கும் வைத்துக்கொள்வதே அவற்றுக்குச் செய்யும் மரியாதை. ஜன்னலுக்கு எடுப்பதாக இருந்தால் வெயில் தாங்கும் திறனைக் கேளுங்கள். 1 முதல் 8 வரை அளவிடுகிறார்கள், 8 உச்சம்.

நல்ல பிரிண்ட் மட்டமானது என்று நான் சொல்ல வரவில்லை. கெட்டியான லினன் மேல் நன்றாக அச்சிட்ட துணி, ஒரு நோஞ்சான் கைத்தறியைவிடப் பல வருடம் கூடுதலாக உழைக்கும். அகலமும் 137–140 செ.மீ. கிடைக்கும், ஒட்டுப் போட வேண்டாம். பிரிண்ட்டைப் பிரிண்ட் என்று சொல்லி, பிரிண்ட்டின் விலைக்கு விற்றால் குறை சொல்ல ஒன்றுமே இல்லை.

## ‘தாக்கம் பெற்றது’ என்ற சொல்

சீட்டில் ‘உஸ்பெக் பாணியின் தாக்கத்தில்’, ‘ஆப்பிரிக்க உணர்வில்’ என்று இருந்தால், பயணம் செய்தது படம் மட்டுமே என்று எடுத்துக்கொள்ளுங்கள். ‘மர்கிலானில் கட்டிச் சாயமேற்றி நெய்த அத்ராஸ்’ என்று இருந்தால் அது சரிபார்க்கக்கூடிய ஒரு கூற்று. முதலாவதில் ஊரும் இல்லை, ஆளும் இல்லை, வேலையும் இல்லை. ஒரு கண்டம் முழுவதையும் ‘உணர்வு’ ஆக்கிவிடும் அந்தச் சொல் எனக்கு உறுத்துகிறது. மாலி நாட்டுப் போகோலானை எடுத்துக்கொள்ளுங்கள். பருத்திப் பட்டைகளை ஆண்கள் நெய்து தைத்துக் கொடுக்க, பெண்கள் இலைச்சாற்றில் ஊறவைத்து, மாதக்கணக்கில் புளித்த ஆற்றுச் சேற்றைத் தீட்டுகிறார்கள். இலையின் துவர்ப்பும் சேற்றின் இரும்பும் சேர்ந்து கறுப்பாகிறது. சோழமண்டலத்தில் கடுக்காயும் இரும்பும் செய்த அதே வேலை! இவ்வளவையும் ‘ஆப்பிரிக்க உணர்வு’ என்ற இரண்டு சொல் விழுங்கிவிடுகிறது.

அதனால் இப்போது கடையில் மூன்று கேள்வி கேட்கிறேன். வடிவம் நூலில் இருக்கிறதா, நெசவில் இருக்கிறதா, மேலே இருக்கிறதா? எந்த ஊரில் செய்தது? ரிப்பீட் எவ்வளவு? முதல் கேள்விக்கே சிலர் துணியைத் திருப்பிக் காட்டிவிடுகிறார்கள். சிலர் உள்ளே போய்ப் பெரியவரைக் கூட்டி வருவார்கள். அவர் வந்து ஒரு நூலை உருவி நகத்தால் நிமிண்டிக் காட்டுவார்.

அந்தப் பச்சைத் திரைச்சீலை இன்னும் என் ஜன்னலில்தான் தொங்குகிறது. வெயில் படும் பக்கம் மாதுளைச் சிவப்பு செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டது. அதன் கீழே இருக்கும் நாற்காலியில் சிறு அத்ராஸ் குஷன் ஒன்று, பின்னாளில் தேடி வாங்கியது. அகலம் போதாமல் நடுவில் ஒட்டுப் போட்டிருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் திரைச்சீலையைத்தான் அழகு என்பார்கள். குஷனைத் திருப்பிக் காட்டுவேன்.